ராத்திரியில் ஓடை ஏறுவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

கேத்தி கேரட்:

எங்கள் தோட்டம் நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கில், ஓடையை ஒட்டி இருக்கிறது. கேரட், பீட்ரூட், கொஞ்சம் பூண்டு போடுகிறோம். மேட்டில் எங்கள் வீடுகள். கீழே கரையோரம் தகரக் கொட்டகைகள். அதில் இருப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள், கைக்குழந்தைகளோடு. அவர்கள் பார்த்ததெல்லாம் கோடையில் தாண்டிக் குதிக்கிற அளவு ஓடைதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது அவர்களுக்குத் தெரியாது. அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண் சரிவில் போய்விட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம்தான். போனில் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வருகிறது. அது மாவட்டம் முழுவதற்கும் பொது. எங்கள் ஓடை எப்போது கரை தாண்டும் என்பது அதில் இருக்காது. நடைபாலத்தில் அளவுக் குறி போட்டால் உதவுமா? எந்த அளவு வந்ததும் ஆட்களை மேலே அனுப்ப வேண்டும்? சென்சார் மாதிரி ஏதாவது வாங்கலாமா?

குந்தா பக்கம்:

எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பயம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் 82 செ.மீ., மறுநாள் 91 செ.மீ. ஆனால் எங்களுக்கு மேலே அணை இருக்கிறது. உபரி நீர் திறக்கும் முன் கரையோர ஊர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். உங்கள் ஓடைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை, நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்சார் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் தேவைப்படும் அந்த ராத்திரியில்தான் கரண்டும் டவரும் போகும். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மழைப் பதிவேடு:

தம்பி, குறி கட்டாயம் போடுங்கள். அதோடு மழையையும் அளக்கத் தொடங்குங்கள். நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவன். காலையில் முதல் வேலை மழைமானியைப் பார்த்து இன்ச், சென்ட் கணக்கில் பதிவேட்டில் எழுதுவது (100 சென்ட் ஒரு இன்ச்). வருடக் கணக்குக்கு அது அருமையான பதிவு. ஆனால் ஒரு நாளுக்கு ஒரே எண். நாலு இன்ச் நாள் முழுக்கத் தூறியதா, ரெண்டு மணி நேரத்தில் கொட்டியதா என்று அது சொல்லாது. சின்ன ஓடைக்கு அதுதான் முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். உங்கள் ஓடைக்கு 100 ஹெக்டேர் சரிவு தண்ணீர் தருகிறது, அதில் 50 மி.மீ. கொட்டுகிறது என்று வையுங்கள். 5 கோடி லிட்டர். பாதி மண்ணில் இறங்கி, மீதி ரெண்டு மணி நேரத்தில் ஓடைக்கு வந்தாலும் நொடிக்கு 3,500 லிட்டர் வரும். ரோட்டுக்கு அடியில் ஒரு மீட்டர் விட்டக் குழாய் போட்ட கல்வெர்ட் (சின்னப் பாலம்) அதைத் தாங்காது, தண்ணீர் ரோட்டின் மேல் ஏறும். பல நாள் நனைந்த மண் பாதியைக்கூட குடிக்காது. அதனால் முந்தின வார மழையையும் எழுதி வையுங்கள்.

வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்று போதும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, திறந்த இடத்தில் வைத்து ஸ்கேலால் மி.மீ. கணக்கில் அளக்கலாம். பலத்த மழை ராத்திரியில் அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து, எழுதி, கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

குறியைப் பாலத்தின் பக்கச் சுவரில் போடுங்கள். நடுத்தூணின் முன்பக்கம் தண்ணீர் மோதி எழும்பும், அளவு தப்பாகக் காட்டும், மரக்கிளை வந்து இடிக்கும். 10 செ.மீ.க்கு ஒரு கோடு. மேட்டிலிருந்தே டார்ச் அடித்துப் படிக்கிற மாதிரி பெரிதாக இருக்கட்டும். ராத்திரியில் யாரும் பாலத்துக்கு இறங்கவே கூடாது.

ஆட்களை மேலே அனுப்ப வேண்டிய அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். அது கொட்டகை வாசல் மட்டத்தில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. எல்லாரையும் எழுப்பி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மேட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருநாள் நடந்தே பாருங்கள். 20 நிமிடம் ஆகிறது, ஓடை 10 நிமிடத்தில் 20 செ.மீ. ஏறுகிறது என்றால், வாசலுக்கு 40 செ.மீ. கீழே வரும்போதே நேரம் முடிந்துவிட்டது. அதை இரட்டிப்பாக்கி 80 செ.மீ. கீழே கோடு போடுங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றை எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். மேலே மழை விடாமல் கொட்டும்போது ஓடை திடீரென்று இறங்கினால் நிம்மதிப்படாதீர்கள். எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் மரமும் பாறையும் சேறும் சேர்ந்து வரும். தண்ணீர் குழம்பு மாதிரி கெட்டியானாலும், பாறை உருளும் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். என்ன ஆச்சு என்று பார்க்க ஓடைக்குப் போகாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். அப்புறம் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

இவ்வளவும் சொன்னபிறகு ஒன்று கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாதமும் அந்தக் குடும்பங்களை ஏன் கரையில் படுக்க வைக்க வேண்டும்? பகலில் வேலை செய்யட்டும், ராத்திரி மேட்டில் தூங்கட்டும். தூக்கத்தில் இருப்பவருக்கு எந்தக் கோடும் உதவாது.

கேத்தி கேரட்:

ஐயா, உண்மைதான். உரமும் உருளைக்கிழங்கு மூட்டையும் வைக்கிற கட்டடம் மேட்டில் இருக்கிறது. அண்ணனிடம் பேசிவிட்டேன், காலி செய்து கொடுக்கலாம் என்கிறார். அது வெட்டின சரிவை ஒட்டி இருக்கிறது, அதுதான் யோசனை.

மழைப் பதிவேடு:

அப்படியென்றால் வேண்டாம். செங்குத்தாக வெட்டின மண்ணுக்குக் கீழே இருப்பதும் ஆபத்துதான். சரிவிலிருந்து தள்ளி, தரை தட்டையாக உள்ள வேறு இடம் பாருங்கள். சரிவில் புது விரிசல், சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊற்று தெரிந்தால் யாரையும் அங்கே விடாதீர்கள். பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ கிடைக்குமா என்று ஊராட்சியில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேத்தி கேரட்:

சமுதாயக் கூடம் தட்டையான இடத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். கொட்டகையில் ஒரு பெண்ணுக்குத் தமிழ் நன்றாக வரும், அவரை வைத்து எல்லாருக்கும் சொல்லப் போகிறோம். பாலத்தில் எந்த பெயின்ட் நிற்கும்?

மழைப் பதிவேடு:

ஈரச் சுவரில் எதுவும் நிற்காது. முதலில் உளியால் கோடு வெட்டிவிடுங்கள். வெயில் விழுகிற நாள் பார்த்து, பாசியைத் தேய்த்து, காய்ந்தபிறகு அதன் மேல் எனாமல் அடியுங்கள். பெயின்ட் உரிந்தாலும் வெட்டின கோடு இருக்கும்.