பள்ளியை 5 மணி வரை நீட்டலாமா, கோடை விடுமுறையைக் குறைக்கலாமா? (வேலூர் மாவட்டம்)

குடியாத்தம்_பெற்றோர்:
எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கோரிக்கைகள் வந்திருக்கின்றன. 6 முதல் 10 வரை, 4.10க்கு விடுகிற பள்ளியை 5 மணிக்கு விட வேண்டும் என்பது ஒன்று. கோடை விடுமுறையில் இரண்டு வாரத்தைக் குறைத்து மே 20 வாக்கிலேயே திறக்க வேண்டும் என்பது இன்னொன்று. கேட்பவர்களில் பெரும்பாலோர் தீப்பெட்டி கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிற தாய்மார்கள். வீடு திரும்ப ஆறு, ஆறரை ஆகிறது. எதிர்ப்பவர்கள் வெயிலையும் பஸ்ஸையும் சொல்கிறார்கள். சட்டம் எவ்வளவு நேரம் கேட்கிறது, நீட்டினால் எங்கே இடிக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தீர்மானம் எழுத வேண்டும்.

கணக்கு_வாத்தியார்_காட்பாடி:
முதலில் ஒன்று சார். ஆண்டு நாட்காட்டியைப் பள்ளிக் கல்வித் துறைதான் வெளியிடுகிறது. உங்கள் குழு தீர்மானம் போட்டு மே 20ல் பள்ளியைத் திறக்க முடியாது. கோரிக்கையாக மேலே அனுப்பலாம், அவ்வளவுதான்.

இனி மணிக்கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009ன் அட்டவணைப்படி 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி நேரம். தமிழ்நாட்டில் 2024-25க்கு முதலில் 220 என்று அறிவித்து, பிறகு 210 ஆக்கினார்கள். 40 நிமிஷப் பாடவேளை எட்டு என்றால் நாளுக்கு 5 மணி 20 நிமிஷம். 210 நாளுக்கு 1120 மணி நேரம். ஏட்டில் 1000ஐத் தாண்டியாகிவிட்டது. மூன்று பெரிய தேர்வு, இடைத் தேர்வுகள் எல்லாம் சேர்த்து 30 நாள் போகிறது என்று வையுங்கள். மிச்சம் 180 நாள், 960 மணி நேரம்.

அந்த 960ம் முழுசாகக் கிடைக்காது. மணி அடித்து, அடுத்த ஆசிரியர் வந்து, போன பாடத்தின் பலகையைத் துடைத்து, நோட்டை எடுக்கச் சொல்வதற்குள் 5 நிமிஷம் கரைகிறது. எட்டுக்கு 40 நிமிஷம், அதாவது தினமும் ஒரு முழுப் பாடவேளை. ஆண்டுக்கு 120 மணி நேரம். நீங்கள் கேட்கிற கூடுதல் 50 நிமிஷத்தில் வருவது 150 மணி நேரம். எட்டுப் பாடவேளையை நான்கு இரட்டைப் பாடவேளையாக்கினால் 60 மணி நேரம் சும்மாவே திரும்பும். பதினோரு பள்ளி நாளுக்குச் சமம். ஒரு பைசா செலவில்லை.

அதிலும் சிக்கல் உண்டு. ஆசிரியர் லீவு போட்டால் ஒன்றுக்கு இரண்டாகப் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 80 நிமிஷம் பேசிக்கொண்டே இருந்தால் பாதி வகுப்பு தூங்கும். 35 நிமிஷம் நடத்துவது, 25 நிமிஷம் கணக்குப் போட வைப்பது, 20 நிமிஷம் பெஞ்சு பெஞ்சாகப் போய்த் திருத்துவது என்று பிரித்தால்தான் பிடிக்கும். உடற்கல்வியை மட்டும் ஒற்றையாகவே விடுங்கள்.

2013ல் இங்கிலாந்தின் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் இதே இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார். அங்கே ஆண்டுக்கு 190 பள்ளி நாள், நமக்கு 210. அந்த வாதத்தை அப்படியே தூக்கி வந்து இங்கே வைக்கக் கூடாது. பக்கத்துக் கேரளாதான் நமக்கு உதவும்: 2025ல் உயர்நிலை வகுப்புகளுக்கு அரை மணி கூட்டினார்கள், காலையில் 15 நிமிஷம், மாலையில் 15 நிமிஷம் என்று. மொத்தத்தையும் மாலையில் ஏற்றவில்லை. கடைசிப் பாடவேளைக்குப் பிறகு உட்கார வைக்கிற 50 நிமிஷத்தில் தலையில் ஏறுவது மிகக் குறைவு.

பேர்ணாம்பட்டு_தோழி:
வாத்தியார் சார் கணக்கு சரி. ஆனால் அந்தத் தாய்மார்கள் கேட்பது பிள்ளைக்குக் காவல். இரட்டைப் பாடவேளை அதற்குப் பதில் ஆகாது.

மே மாதம்தான் எனக்குப் பயம். ஒன்பதாவது முடித்த பையன் மாங்காய் பறிக்க, மண்டியில் லோடு ஏற்ற, ஷூ அடிப்பாகத்துக்குப் பசை தடவப் போகிறான். வாரக் கூலி கையில் புழங்கிவிட்டால் ஜூனில் அவனைத் திருப்புவது பெரும்பாடு. பெண் பிள்ளை என்றால் பீடி முறம் மடிக்கு வந்துவிடும். முதலில் அம்மா வெட்டிப் போட்ட இலையை அடுக்குவாள், அப்புறம் நூல் கட்டுவாள், மாசக் கடைசியில் தானே சுற்றுவாள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆபத்தான தொழிலுக்கு அந்த விலக்கும் கிடையாது என்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

அதனால் விடுமுறையின் நீளத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் நடுவில் கை வையுங்கள். ஏப்ரல் கடைசி நாளிலேயே வகுப்பாசிரியர் 8, 9ம் வகுப்பில் அடிக்கடி வராத பிள்ளைகளின் பெயரும் இரண்டு போன் நம்பரும் எழுதி வைக்கணும். மே நடுவில் குழு உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்து வீடு பிரித்துக்கொண்டு நேரில் போகணும். பள்ளி திறந்து மூன்றாம் நாளும் வராத பிள்ளை வீட்டுக்கு மறுபடி போகணும். வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். ஒரு மாதம் பொறுத்துப் போனால் அந்தப் பையன் ஊரிலேயே இருக்க மாட்டான்.

இன்னொன்று, எங்கள் பக்கம் நிறையப் பிள்ளைகள் சாயந்திரம் மதரஸாவுக்குப் போகிறார்கள். 5 மணி என்று முடிவெடுக்கும் முன் அந்த உஸ்தாதையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பாடவேளையில் கால்வாசி பெஞ்சு காலியாகக் கிடக்கும்.

ஒடுகத்தூர்_சத்துணவு:
மே 20ல் திறப்பது வேலூருக்கு ஆகவே ஆகாது. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம், அதன் நட்ட நடுவில் வருகிறது. 2023ல் ஜூன் 1க்குத் திறக்க வேண்டிய பள்ளி வெயிலால் 7க்குத் தள்ளி, அப்புறம் 12க்குப் போனது. தொடக்க வகுப்புகள் 14க்கு. 2024லும் ஜூன் 6லிருந்து 10க்குத் தள்ளினார்கள். ஜூனிலேயே இந்த நிலைமை. தகர ஷீட் போட்ட வகுப்பறையில் மதியத்துக்கு மேல் மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளும். காங்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கின சூட்டை 3 மணிக்கு மேல் இறக்கும், சரியாக நீங்கள் நீட்டப் பார்க்கிற நேரத்தில். குடிக்க மட்டும் பிள்ளைக்கு ஒன்றரை லிட்டர்; 300 பிள்ளைக்கு 450 லிட்டர். மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீர் மதியம் வாயில் வைக்க முடியாது, நிழலில் தனித் தொட்டி வேண்டும். தண்ணீர் குடிக்கச் சொன்னால் கழிப்பறையும் வேண்டும். 40 பிள்ளைக்கு ஒன்று என்பது அளவு. அது போதாத பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நேரத்தை நீட்டினால் அந்த வேதனையும் ஒரு மணி நேரம் நீளும்.

நவம்பர், டிசம்பரில் 5.45 வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். 5க்கு விட்டால், பஸ் பிடித்து இறங்கி நடக்கிற பிள்ளை இருட்டில்தான் வீடு சேரும். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மாதிரி மலை ஊர்களுக்கு அது நடக்காத காரியம். உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிற மலைப் பிள்ளைகளுக்கு ஒரே நீண்ட விடுமுறைதான் வீட்டோடு இருக்கிற காலம். துண்டு துண்டாகக் கொடுத்தால் போக்குவரத்துக்கே சரியாகிவிடும்.

குடியாத்தம்_பெற்றோர்:
நன்றி. அப்படியானால் 4.10க்கு வழக்கம்போல் பள்ளியை விட்டுவிட்டு, வேண்டும் என்கிற பிள்ளைகளை மட்டும் 5.15 வரை படிப்பு நேரமாக வைத்துக்கொண்டால்? சுமார் 60 பேர் இருப்பார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஒடுகத்தூர்_சத்துணவு:
அது நடக்கும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை 4க்குப் பசியோடு இருக்கும், சுண்டல் போதும். பிள்ளைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை, 60 பேருக்கு 1 கிலோ 800 கிராம். முந்தின இரவு 8 மணி நேரமாவது ஊறணும். உப்பைக் கடைசியில் போடுங்கள். காலையிலேயே வேகவைத்துத் தேங்காய் போட்டு மூடினால் வெயிலில் சாயந்திரத்துக்குள் ஊசிப்போகும். மதியச் சமையல் முடிந்ததும் வேகவைத்து, 3.45க்குத் தாளித்து, தேங்காய் இல்லாமல் கொடுங்கள். நம் ஊர் வேர்க்கடலை வரத்துக் காலத்தில் அவித்த கடலையே போதும், தோலை அவர்களே உரித்துக்கொள்வார்கள். சமையல் உதவியாளருக்கு இந்தக் கூடுதல் நேரத்துக்குக் காசு தீர்மானத்திலேயே எழுதுங்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

கணக்கு_வாத்தியார்_காட்பாடி:
60 பேருக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும், ஒருவராவது பெண். ஆசிரியர்களை மட்டுமே நம்பாதீர்கள். இல்லம் தேடிக் கல்வியில் நடத்திப் பழகிய தன்னார்வலர் ஊரில் இருந்தால் கேளுங்கள். புதுப் பாடம் நடத்தக் கூடாது, வீட்டுப்பாடமும் வாசிப்பும் மட்டும். யார் வந்து அழைத்துப் போகலாம் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, போகிற நேரத்தைத் தனி நோட்டில் குறியுங்கள். தீபாவளி கழிந்து பொங்கல் வரை 4.50க்கே முடித்துவிடுங்கள். தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தெரிவித்து ஒப்புதல் கடிதம் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.