ரீபூட் செய்தால் சில சமயம் மட்டும் டேட்டா சர்வர் எழுவதில்லை: போர்ட் 40500, சிஸ்டம்டி, லாக் சந்தேகம்

கேள்வி

வணக்கம். அளவீட்டுத் தரவை வாங்கிச் சேமித்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் டேட்டா சர்வர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. நாங்களே எழுதியது, டிசிபி போர்ட் 40500-இல் கேட்கும். பழைய மெஷினில் பூட் ஆகும்போது ஓடும் இனிட்.டி ஸ்கிரிப்டில் பல வருடம் சிக்கலின்றி ஓடியது. புது லினக்ஸ் மெஷினில் அதே ஸ்கிரிப்டை ஒரு சிஸ்டம்டி யூனிட்டிலிருந்து (சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டிக்கான அமைப்பு ஃபைல்) கூப்பிடுகிறோம்.

ரீபூட் செய்தால் பெரும்பாலும் ஒழுங்காக வருகிறது, சில சமயம் வருவதில்லை. லாகில் 'பைண்ட்: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று ஒரே ஒரு வரி, அதாவது போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். சாக்கெட்டுகளை (இணைப்பு முனைகளை) பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை -எல்டிஎன்பி போட்டுப் பார்த்தால் 40500-இல் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ரீஸ்டார்ட் செய்தால் ஓடிவிடுகிறது. நெட்வொர்க் வருவதற்குள் கிளம்பிவிடுகிறதோ என்று ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'ஸ்லீப் 30' சேர்த்தோம். பிரச்சினை குறையவில்லை, கூடிய மாதிரிதான் தெரிகிறது.

இன்னொன்று. லாக் ஃபைல் வட்டையே நிரப்பியதால் அதை அழித்தேன். ஃபைல் அளவுகளைக் கூட்டும் டியூ கட்டளையில் பயன்பட்ட இடம் குறைந்திருக்கிறது, வட்டின் மொத்த நிலையைக் காட்டும் டிஎஃப் அப்படியே நிற்கிறது. இது ஏன்?

பதில்

யூனிட் ஃபைலையும் ஸ்கிரிப்டில் சர்வரைக் கிளப்பும் வரியையும் போடுங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லலாம்: இது நெட்வொர்க் தாமதம் இல்லை. ஐபி முகவரி இன்னும் வராத நிலையில் அந்த முகவரியில் பைண்ட் செய்தால் (போர்ட்டைப் பிடிக்க முயன்றால்) 'கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று வேறு பிழைதான் வரும். எல்லா முகவரியிலும் கேட்கும்படி 0.0.0.0 கொடுத்திருந்தால் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

கேட்டவர்

0.0.0.0 தான். யூனிட்டில் டைப்=ஃபோர்க்கிங், ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்; ரீஸ்டார்ட் வரி எதுவும் இல்லை. ஸ்கிரிப்டில் ஸ்லீப் முடிந்ததும் சர்வர் நோஹப்பில் (டெர்மினல் மூடினாலும் ஓட வைக்கும் கட்டளை) கிளம்பி, ஒற்றை '>' குறியால் லாக் ஃபைலுக்கு எழுதி, '&' போட்டுப் பின்னணிக்குப் போகிறது.

வேறொருவர் பதில்

உங்கள் போர்ட் எண்தான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த மெஷினிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் கர்னல் ஒரு உள்ளூர் போர்ட்டைத் தானாக எடுத்துக் கொடுக்கும். லினக்ஸில் இதற்கான இயல்பு வரம்பு 32768 முதல் 60999 வரை. போர்ட் எண்களை நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் பட்டியலில் தற்காலிகப் போர்ட்டுகள் 49152-இல்தான் தொடங்குகின்றன. அதை நம்பி 40500-ஐப் பத்திரமான எண் என்று பலரும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கர்னல் தன் வரம்பைத்தான் பார்க்கும். பூட் ஆகும்போது கண்காணிப்பு ஏஜென்ட், பேக்கப் கிளையன்ட் என்று ஏதாவது ஒன்று வெளியே இணைப்பைத் திறந்து, தற்செயலாக 40500 அதன் கைக்குப் போய்விட்டால் உங்கள் சர்வருக்கு இடம் கிடைக்காது.

நீங்கள் பார்த்தபோது ஆள் தெரியாததற்குக் காரணம் -எல். அது கேட்கும் சாக்கெட்டுகளை மட்டுமே காட்டும், வெளியே போன இணைப்பைக் காட்டாது. யூனிட்டில் எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட் வரியில் 'எஸ்எஸ் -டிஏஎன்பி' கொடுத்து வையுங்கள். சர்வீஸ் விழுந்ததும் அதுவே ஓடி, யார் பிடித்திருந்தார் என்று ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) எழுதிவிடும். ரூட் உரிமையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிராசஸ் பெயர் வராது.

ஸ்லீப் 30-ஐ எடுத்துவிடுங்கள். அது மற்ற நிரல்களுக்கு உங்கள் போர்ட்டைப் பிடிக்க இன்னும் அரை நிமிடம் கொடுக்கிறது.

கேட்டவர்

எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட் வரியைச் சேர்த்துச் சோதித்தேன். விழுந்த ஒரு பூட்டில் மாட்டியது: கண்காணிப்பு ஏஜென்ட், உள்ளூர் போர்ட் 40500, எதிர்ப்பக்கப் போர்ட் 443, நிலை எஸ்டாப் (இணைப்பு திறந்திருக்கிறது). மிக்க நன்றி! ஆனால் போர்ட்டை மாற்ற வழியில்லை, தரவு அனுப்பும் கருவிகள் எல்லாவற்றிலும் இந்த எண்தான் இருக்கிறது.

வேறொருவர் பதில்

மாற்ற வேண்டாம். கர்னல் அமைப்புகளுக்கான /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு ஃபைல் வைத்து, 'நெட்.ஐபிவி4.ஐபி_லோக்கல்_ரிசர்வ்ட்_போர்ட்ஸ்' என்பதற்கு 40500 கொடுங்கள். அதன்பின் கர்னல் அந்த எண்ணைத் தானாக யாருக்கும் கொடுக்காது. உங்கள் சர்வர் வெளிப்படையாகக் கேட்டால் கிடைக்கும். ஏற்கெனவே வேறு போர்ட்டுகளை ஒதுக்கியிருந்தால் எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுத வேண்டும். இரண்டு ஃபைலில் தனித்தனியாக எழுதினால் பின்னால் படிக்கப்படுவது முன்னதை அழித்துவிடும்.

ஸ்கிரிப்டையும் விட்டுவிடுங்கள். சிஸ்டம்டி நேரடியாக சர்வரைக் கிளப்பட்டும்: டைப்=சிம்பிள், '&' இல்லாமல், நோஹப் இல்லாமல். ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் சேர்த்தால் ரீஸ்டார்ட்செக்=5 என்பதையும் சேருங்கள். இயல்பான இடைவெளி 100 மில்லிசெகண்ட்தான். கிளம்பியதுமே விழும் சர்வர், 10 செகண்டுக்கு 5 தடவை என்ற வரம்பைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும், அப்புறம் சிஸ்டம்டி முயற்சியையே நிறுத்திவிடும்.

முதலில் பதில் சொன்னவர்

லாக் விஷயம் விட்டுப்போனது. நீங்கள் அழித்தது பெயரை மட்டும். சர்வர் அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருப்பதால் இடம் திரும்பவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' போட்டால் அப்படி அழிக்கப்பட்டும் திறந்திருப்பவை தெரியும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும்.

அடுத்து, லாகைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரன்கேட் (நகல் எடுத்துவிட்டு மூல ஃபைலைக் காலியாக்குவது) போடத் தோன்றும். இப்போதுள்ள ஒற்றை '>' குறியோடு அதைச் செய்யாதீர்கள். ஃபைல் பூஜ்ஜியமானாலும் பிராசஸ் தான் விட்ட இடத்திலிருந்தே எழுதும். முன்பகுதி முழுக்க மதிப்பு பூஜ்ஜியமான வெற்று எழுத்துகளாக ('நல்') நிரம்பி, எல்எஸ் மறுபடி ஜிபி கணக்கில் அளவு காட்டும். '>>' என்றால் எப்போதும் கடைசியில்தான் எழுதும். யூனிட்டில் என்றால் 'ஸ்டாண்டர்ட்அவுட்புட்=அப்பெண்ட்:' என்று எழுதி ஃபைலின் பாதையைக் கொடுங்கள், சிஸ்டம்டி 240 முதல் இது உண்டு. காப்பிட்ரன்கேட்டில் நகல் எடுப்பதற்கும் வெட்டுவதற்கும் நடுவே வரும் சில வரிகள் தொலையலாம். அது ஆகாது என்றால் ஹப் சிக்னல் (ஓடும் நிரலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அறிவிப்பு) வந்ததும் லாகை மூடித் திறக்கும்படி நிரலில் எழுதுங்கள். உங்களுடைய நிரல்தானே, நான் இதைத்தான் செய்வேன்.

கேட்டவர்

ஜர்னலுக்கே அனுப்பிவிட்டால்?

முதலில் பதில் சொன்னவர்

செய்யலாம், ஆனால் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு வரி எழுதும் சர்வர் என்றால் கவனம். ஜர்னலை எழுதும் ஜர்னல்டி ஒரு சர்வீஸிடமிருந்து 30 செகண்டுக்கு 10,000 செய்தி என்ற இயல்பு வரம்புக்கு மேல் வருவதை விட்டுவிடும். வட்டில் இடம் நிறைய இருந்தால் வரம்பு அதற்கேற்பக் கூடும். யூனிட்டில் 'லாக்ரேட்லிமிட்இன்டர்வல்செக்=0' போட்டால் அந்த சர்வீஸுக்கு வரம்பு இல்லை. /வார்/லாக்/ஜர்னல் அடைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத மெஷினில் ரீபூட் ஆனதும் பழைய லாக் போய்விடும்.

கேட்டவர்

அடைவு இருக்கிறது. போர்ட்டை ஒதுக்கி, யூனிட்டை மாற்றி, வரிசையாக ரீபூட் செய்து பார்த்தேன், எல்லாவற்றிலும் எழுந்தது. ஹப் சிக்னலுக்கான மாற்றத்தை இனிமேல்தான் எழுத வேண்டும், அதுவரை அப்பெண்ட்டும் காப்பிட்ரன்கேட்டும் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.