மியூஸ்ஸ்கோர்: 2, 4ஆம் சரணம் மட்டும் வேறு எழுத்துருவில் வருகிறது

ஆல்டோமேசை:
மியூஸ்ஸ்கோர் 4 (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்), விண்டோஸ் 11. நான்கு குரல் கொயர் பாட்டு, நான்கு சரணம். ஃபார்மட் > ஸ்டைல் > டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய் லிரிக்ஸுக்கு (பாடல் வரிக்கு) நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு கொடுத்தேன். 1, 3 சரணம் மாறியது. 2, 4 மாறவில்லை, எழுத்து அகலமாக வேறு வடிவில் நிற்கிறது. 1ஆம் சரணத்திலும் நடுவில் நாலைந்து அசை பழையபடியே இருக்கிறது. இன்னொன்று: "தேவனே" என்பதில் "தே" மூன்று நோட்டுக்கு (ஸ்வரக் குறிக்கு) நீள்கிறது. இரண்டாவது, மூன்றாவது நோட்டின் கீழே புள்ளிவட்டத்தோடு "◌ே" என்று வருகிறது. மென்பொருளில் பிழையா? அச்சுக்குப் போகவேண்டிய பாட்டு.

ஐந்துகோடு:
எழுத்துரு விஷயத்தில் பிழை இல்லை. அந்தப் பட்டியலில் லிரிக்ஸுக்கு இரண்டு ஸ்டைல் உண்டு: ஆட் லைன்ஸ், ஈவன் லைன்ஸ். ஒற்றைப்படைச் சரணத்துக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. நீங்கள் முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். ஈவன் லைன்ஸ் இன்னும் மியூஸ்ஸ்கோரின் இயல்பு எழுத்துருவான எட்வினில் இருக்கிறது. எட்வினில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் கணினி கைக்குக் கிடைத்த வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றுகிறது. இரண்டிலும் எழுத்துரு, அளவு ஒன்றாக இருக்கட்டும்.

மாறாமல் நிற்கிற நாலைந்து அசைக்கு யாரோ கையால் எழுத்துரு கொடுத்திருப்பார்கள். கையால் கொடுத்தது ஸ்டைலை மீறி நிற்கும். ஃபார்மட் மெனுவில் ரீசெட் டெக்ஸ்ட் ஸ்டைல் ஓவர்ரைட்ஸ் என்று இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஸ்கோரில் (இசைத்தாளில்) வேறு இடத்தில் வேண்டுமென்றே சாய்வெழுத்து வைத்திருந்தால் அதுவும் போய்விடும், முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் சரணங்கள் ஒன்றோடொன்று உரசும். ஸ்டைல் > லிரிக்ஸ் பக்கத்தில் வரி உயரத்தை 20 சதவீதம் கூட்டிப் பாருங்கள். எல்லாம் சரியானதும் ஃபார்மட் > சேவ் ஸ்டைல். அடுத்த பாட்டுக்கு லோட் ஸ்டைல் போதும்.

அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்து போகும். ஸ்கோர் கோப்பில் எழுத்துருவின் பெயர்தான் போகும். அங்கே அது இல்லையென்றால் அகலம் மாறி, பக்க அமைப்பே கலைந்துவிடும்.

மெய்யும்_உயிரும்:
புள்ளிவட்டம் பற்றி: "ே" என்பது தனி எழுத்து அல்ல, மெய்யோடு ஒட்டவேண்டிய குறி. ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு லிரிக் தனிப் பெட்டி. அந்தப் பெட்டியில் குறி மட்டும் கிடந்தால் ஒட்ட மெய் இல்லாமல் வட்டம் வரும். இரண்டு பெட்டியையும் அழித்துவிட்டு, "தே" அடித்து சிறுகோட்டை (-) மூன்று முறை தட்டுங்கள்; நான்காவது நோட்டில் "வ" அடிக்கலாம்.

சொல்லின் கடைசி அசை நீண்டால் சிறுகோடு வேண்டாம், அடிக்கோடு (_). "னே" இரண்டு நோட்டுக்கு நீண்டால் அடிக்கோட்டை இரண்டு முறை தட்டினால் கோடு இழுத்துக்கொள்ளும். தமிழ் விசைப்பலகையில் அடிக்கோடு வராவிட்டால் அந்த நேரம் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். "ஏ" என்று உயிரெழுத்தை நிரப்புவதும் கூடாது, பாடுகிறவர் அதைப் புது அசையாக எடுத்துவிடுவார்.

ஆல்டோமேசை:
நன்றி, மூன்றும் சரியாகிவிட்டன. ஆனால் 3ஆம் சரணத்தின் டெனர் (ஆண் மேல்குரல்) வரி இப்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிட்டது. பழைய பாட்டுத்தாளிலிருந்து ஒட்டியது.

ஐந்துகோடு:
அது பாமினி. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. மெய்யின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளிக் குறிதான். கையால் கொடுத்திருந்த பாமினி ரீசெட்டில் போனதும் அடியில் இருந்தது தெரிகிறது. மறுபடி பாமினி கொடுக்காதீர்கள். அந்த வரியை எழுத்துரு மாற்றியில் யூனிகோடாக்கி, நோட்பேடில் அசை பிரித்துச் சிறுகோடு போடுங்கள். மொத்தத்தையும் காப்பி செய்து, டெனரின் முதல் நோட்டைத் தேர்ந்து கன்ட்ரோல்+எல் அடித்து, என்டரால் 3ஆம் சரணத்துக்கு இறங்கி, கன்ட்ரோல்+வி தட்டிக்கொண்டே போங்கள். தட்டுக்கு ஓர் அசை விழும். நீளும் இடம் வந்தால் நிறுத்தி, சிறுகோடோ அடிக்கோடோ கையால் தட்டிவிட்டுத் தொடருங்கள், இல்லாவிட்டால் மீதி வரி முழுதும் ஒரு நோட் முன்னே ஏறிவிடும்.