ஒலிம்பிக்கில் ஓடியவர் என்பதால்தான் எட் ஐஸ்டோன் வென்றாரா?

நெடுவழி எழுதியது:

கல்லூரி கிராஸ் கன்ட்ரி (ஓடுதளத்தில் அல்லாமல் புல்வெளியிலும் மேடுபள்ளங்களிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) அணிகளுக்கு முன்னாள் நெடுந்தூர ஓட்ட வீரர்களையே பயிற்சியாளர்களாக அமர்த்த வேண்டும் என்று சென்ற வாரம் வேறோர் இழையில் எழுதியிருந்தேன். அதற்கு ஒருவர், "ஓடத் தெரிந்தவருக்கெல்லாம் ஓட்டத் தெரிந்துவிடாது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் எட் ஐஸ்டோனை வைத்துப் பார்த்தால் அது நிற்குமா என்பது என் கேள்வி.

ஐஸ்டோன் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலுள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் மாணவர். 1984இல் தேசியக் கல்லூரி கிராஸ் கன்ட்ரியில் தனிநபர் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு தடகளத்தில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் வென்றார். 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளில் மாரத்தான் ஓடினார். பார்சிலோனாவில் 13ஆம் இடம். 2000ஆம் ஆண்டில் தாம் படித்த பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியை ஏற்றபோது, அந்த அணி ஒருமுறைகூடத் தேசியப் பட்டம் வென்றிருக்கவில்லை. அவர் கையில் 2019இலும் 2024இலும் வென்றது. அவரிடம் பயின்ற ஜாரெட் வார்ட் 2016 ரியோ மாரத்தானில் 6ஆவதாகவும், கானர் மாண்ட்ஸும் கிளேட்டன் யங்கும் 2024 பாரிஸில் 8ஆவதாகவும் 9ஆவதாகவும் வந்தார்கள். மூவருமே குருவின் இடத்தைத் தாண்டியவர்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கூட்டல்கணக்கு எழுதியது:

அந்த ஒற்றை வரியை எழுதியவன் நான்தான், நெடுவழி ஐயா. அப்போது அவசரத்தில் இருந்தேன்; இப்போது விரிவாகவே சொல்கிறேன்.

தாங்கள் சொன்ன ஆண்டுகளைத் தாங்களே கழித்துப் பாருங்கள். 2000இல் பொறுப்பேற்றவர் முதல் பட்டம் வென்றது 2019இல். ஒலிம்பிக் அனுபவம்தான் காரணம் என்றால், அது பத்தொன்பது ஆண்டுகள் எங்கே போயிருந்தது? வில்லனோவா பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ஓ'சல்லிவனையும் பார்க்க வேண்டும். உலக உள்ளரங்கப் போட்டிகளில் 1,500 மீட்டரில் மூன்று முறை தங்கம் வென்றவர். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் நூறு முறைக்கு மேல் ஓடியவர். ஓட்ட வீரர் என்ற அளவில் அவர் ஐஸ்டோனைவிட ஒரு படி மேல் என்பதே என் கருத்து. 1998இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிப் பொறுப்பை ஏற்ற அவருக்கு ஆண்கள் கிராஸ் கன்ட்ரி தேசியப் பட்டம் கிட்டவில்லை. மறுபுறம், அயர்லாந்திலிருந்து வந்து ஆர்கன்சா பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்த ஜான் மெக்டானெல் ஒலிம்பிக் ஓடுதளத்தை வீரராக மிதித்ததே இல்லை. கிராஸ் கன்ட்ரியில் மட்டும் பதினொரு தேசியப் பட்டங்களை வென்று கொடுத்தார்.

புரோவோவுக்கே திரும்புவோம். அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியைப் பேட்ரிக் ஷேன் 1997, 1999, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் வெற்றிக்கு இட்டுச் சென்றார். பிறகு 2016இல் வந்த தில்ஜீத் டெய்லர், கோவிட் காரணமாக 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போன 2020ஆம் ஆண்டுப் போட்டியிலும் 2024இலும் வென்றார். டெய்லர் கல்லூரிக் காலத்தில், முதல் பிரிவுக்கு அடுத்த நிலையான இரண்டாம் பிரிவில் நடுத்தூர ஓட்டம் ஓடியவர். ஒலிம்பிக் வீராங்கனை அல்லர். அதே மலை, அதே 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், அதே ஊர்ப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள். வென்று கொடுப்பது புரோவோவா, ஐஸ்டோனா?

பழைய ஸ்பைக்ஸ் எழுதியது:

கூட்டல்கணக்கு சொல்வதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் கல்லூரியில் பயிற்சி கொடுத்தவர் தம் காலத்தில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். மைதானத்தின் நான்காவது வளைவில் நிறுத்துக்கடிகாரத்தோடு நின்றுகொண்டு, நாங்கள் கடக்கும்போதெல்லாம் எங்கள் நேரத்தைச் சொல்லமாட்டார். அந்தச் சுற்றை அவர் எத்தனை நொடியில் ஓடினார் என்பதைத்தான் சொல்வார். மூன்று ஆண்டுகளில் அவருடைய நேரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடமாயின. என் நேரம் நான்கு நொடிதான் குறைந்தது.

இன்னொன்று. மார்மன் சபை இளைஞர்கள் இரண்டு ஆண்டு சமயப் பணிக்குச் சென்று திரும்புவதால், அச்சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழக அணியில் ஓடுபவர்கள் மற்றக் கல்லூரிப் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவர்கள் என்ற முணுமுணுப்பு அமெரிக்காவில் நெடுங்காலமாகவே இருக்கிறது. மாண்ட்ஸ் 2021 மார்ச்சில் தனிநபர் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 24. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

நெடுவழி எழுதியது:

ஓ'சல்லிவனைப் பற்றிய பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அளவுகோலில் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் பில் டெல்லிங்கரையும் நிறுத்திப் பாருங்கள். மூன்று ஒலிம்பிக்கில் ஓடி 1964 டோக்கியோவில் 5,000 மீட்டரில் வெண்கலம் வென்றவர். 1971, 1973, 1974, 1977 என நான்கு தேசியப் பட்டங்களை ஆரிகனுக்கு வென்று தந்தவர்.

புரோவோ மலைதான் வெல்கிறது என்ற வாதம் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. பெண்கள் அணி 2002க்குள் நான்கு முறை வென்ற அதே ஊரில், அதே உயரத்தில், ஆண்கள் அணி 2019 வரை ஒருமுறையும் வெல்லவில்லை என்றால், மலை ஆண்களுக்கு மட்டும் ஏன் துணை நிற்கவில்லை? வயதைப் பற்றிய பேச்சும் பாதிதான் உண்மை. பணிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் முறையான ஓட்டப் பயிற்சி கிடையாது. நாள் முழுதும் வீடு வீடாக நடந்துவிட்டு, காலையில் கிடைக்கும் சிறிது நேரத்தில் உடற்பயிற்சி செய்தால் உண்டு. மாண்ட்ஸ் கானாவில் இருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் தடை தாண்டும் ஓட்ட வீரர் கென்னத் ரூக்ஸ் உகாண்டாவில் இருந்தார். வயது கூடித் திரும்புகிறார்கள், உண்மை. ஆனால் ஓட்டம் குறைந்து திரும்புகிறார்கள்.

தேன்மொழி எழுதியது:

நீங்கள் இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஐஸ்டோனின் ஒலிம்பிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அவரும் மாணவராக இருந்தபோது போர்ச்சுகலில் சமயப் பணி செய்து திரும்பியவர் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் 1984இல் பட்டம் வென்றார்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், திரும்பி வரும் பையனிடம் பயிற்சியாளர் செய்யும் மிகப் பெரிய பிழை, போகும்போது அவன் ஓடிய வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலிருந்தே தொடங்கச் சொல்வது. அவனுடைய மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். எலும்பும் தசைநாரும் அதே வேகத்தில் திரும்பாது. "நன்றாகத்தானே ஓடுகிறேன்" என்று அவனே அடம்பிடிக்கும் அந்த இடைவெளியில்தான் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் விரிசல் விழுகிறது. அந்த அடத்தைத் தம் உடம்பிலேயே கண்டவர், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இப்படித் திரும்பிய சிலரை வைத்து அணி கட்ட வேண்டிய ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார். பார்சிலோனாவின் 13ஆம் இடத்தைவிட இதுவே அவருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

கூட்டல்கணக்கு எழுதியது:

தேன்மொழி அம்மா சொன்னது நான் எண்ணிப் பாராத கோணம். இருந்தாலும் அணிப் பட்டம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நினைவூட்டுகிறேன். ஏழு பேர் ஓடுவார்கள்; முதல் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள்; குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. 2024 இறுதியில் பிரிகம் யங் 124, ஐயோவா ஸ்டேட் 137. வித்தியாசம் 13. மாண்ட்ஸ் 2020, 2021 ஆகிய இரண்டு போட்டிகளிலும் தனி ஆளாக முதலில் வந்தார். இரண்டு முறையும் அணிப் பட்டம் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. முதல் ஆள் வென்றால் அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளிதான். பட்டத்தைத் தீர்மானிப்பவன், 10 கிலோமீட்டரின் கடைசிப் பகுதியில் பெருங்கும்பலுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருக்கும் ஐந்தாம் ஆள். நான்கு நொடி தாமதித்தால் பத்துப் பேர் அவனைத் தாண்டிவிடுவார்கள். தம் வாழ்நாளில் முன்வரிசையிலேயே ஓடிப் பழகிய ஒரு சாம்பியனுக்கு அந்த ஐந்தாம் ஆளின் ஓட்டம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அதைத்தான் அவர் பத்தொன்பது ஆண்டுகள் கற்றார் என்கிறேன்.

தேன்மொழி எழுதியது:

முன்வரிசையில் மட்டும் ஓடியவர் என்பது சரியில்லை. சியோலில் அவர் 29ஆவது.

அதோடு, 2023இல் யூஜீனில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியின் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தைத் தேடிப் பாருங்கள். ரூக்ஸ் தடையில் இடறிக் கீழே விழுகிறார். எழும்போது எல்லாருக்கும் பின்னால் இருக்கிறார். பதறிப்போய் ஒரே சுற்றில் பிடித்துவிடப் பாய்வதில்லை. ஒவ்வொருவராக, சுற்றுக்குச் சுற்று எட்டிப் பிடித்து, கடைசியில் வெல்கிறார். மறு ஆண்டு பாரிஸில் பின்வரிசையிலிருந்து வந்து கடைசிச் சுற்றில் முன்னே பாய்ந்து, 8:06.41இல் வெள்ளி. கும்பலுக்குள் அகப்பட்டவன் பதறாமல் ஓடுவது என்றால் அதுதான். ஐஸ்டோனின் மாணவர் அவர்.

நெடுவழி எழுதியது:

அப்படியானால் என் முதல் பதிவின் தலைப்பையே மாற்றிக்கொள்கிறேன்: ஒலிம்பிக்கில் ஓடியவர் வேண்டும் என்பதை விட்டு, ஓட்டம் நின்றுபோய் மீண்டும் தொடங்கியவர் வேண்டும் என்பதற்கு வருகிறேன். கூட்டல்கணக்கு நண்பர் இதையாவது ஏற்பாரா?

கூட்டல்கணக்கு எழுதியது:

ஆண்கள் அணிக்கு ஏற்கிறேன். 2024 இறுதிப் போட்டி நடந்த மேடிசனில், ஆண்கள் வென்ற அதே நாளில் டெய்லரின் பெண்கள் அணியும் பட்டம் வென்றதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?