தாலியம் டெலூரைடு அமைப்பு: விளக்கம் தேவை

வேதியியல் நண்பர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை முதுகலை வகுப்பில் தாலியம் சால்கோஜனைடுகளை (கந்தகம், செலினியம், டெலூரியம் போன்றவற்றோடு தாலியம் சேர்ந்த சேர்மங்களை) நடத்துகிறேன். ஒரு தாலியத்துக்கு ஒரு செலினியம் என்ற விகிதத்தில் அமைந்த செலினைடைப் பார்த்தால் தாலியம் +2 ஆக்சிஜனேற்ற நிலையில் (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில்) இருப்பதாகவே தோன்றும். உண்மையில் பாதி அணுக்கள் +1, மீதி +3. +3 அணுவைச் சுற்றி நான்கு செலினியம், ஒரு நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின்) மூலைகளில். அந்த நான்முகிகள் விளிம்பைப் பகிர்ந்து சங்கிலியாக நீள, +1 அணுக்கள் இடையில் அமர்கின்றன. எத்தனை அழகான அமைப்பு!

அதே விகிதத்தில் உள்ள டெலூரைடில்தான் தடுமாறுகிறேன். அங்கே +3 இல்லை; டெலூரியம் அணுக்களே ஒன்றோடொன்று பிணைகின்றன. டெலூரைடு அயனி எளிதில் எலக்ட்ரானை இழப்பதே காரணம் என்று மாணவர்களிடம் சொன்னால் போதுமா? இரு படிகங்களின் தெளிவான படங்கள் இருந்தாலும் பகிருங்கள். தாலியம் கொடிய நஞ்சு. செய்துகாட்ட வழியில்லை, படம்தான் கைகொடுக்க வேண்டும்.