இருட்டான உளவுப் படம், வீட்டு டிவி: அனுபவக் குறிப்புகள்

'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (2011) பார்த்துவிட்டு "ஒன்றும் புரியவில்லை" என்பவர்கள் முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள். இந்தப் படம் நடப்புக்கும் பழைய காலத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் தாவும். எந்தக் காலம் என்பதற்கு, கதையின் நாயகனான உளவு அதிகாரி ஸ்மைலியின் மூக்குக்கண்ணாடி நல்ல துப்பு. தொடக்கத்திலேயே புதுக் கண்ணாடி மாற்றிவிடுகிறார். பழைய ஃபிரேம் தெரிந்தால் அது பழைய காலம். பழுப்பும் சாம்பலுமான படத்தில் நிழல் பகுதி கறுப்பாக அமுங்கிவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

'விவிட்' மோடை விட்டு 'ஃபிலிம்மேக்கர்' அல்லது 'சினிமா'வுக்கு வாருங்கள். மின்சேமிப்பு, அறை வெளிச்ச சென்சார் இரண்டையும் அணையுங்கள். காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிழல்கள் எவ்வளவு இருட்டாகத் தெரியும் என்ற அளவு), முழு இருட்டறையில் 2.4, விளக்கு எரிந்தால் 2.2. படத்தின் பொடிப்புள்ளிகளை அழிக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம். முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. இருட்டாக இருக்கிறதே என்று எல்லோரும் முதலில் ஏற்றுவது 'பிரைட்னஸ்'. பல டிவிகளில் அது வெளிச்சத்தைக் கூட்டாது, கறுப்பின் அளவைத்தான் மாற்றும். ஏற்றினால் இரவு சாம்பலாகும். இறக்கினால் ஒருவர் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டு உடையின் மடிப்பு காணாமல் போகும். வெளிச்சத்துக்கு 'பேக்லைட்'டை ஏற்ற வேண்டும். சமீப வருடங்களின் சோனி டிவிகளில் பெயர் மாறி வரும்: அங்கே பிரைட்னஸ்தான் வெளிச்சம், கறுப்புக்குத் தனியாக 'பிளாக் லெவல்'.

கண்ணளவில் வைக்காதீர்கள். ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவச சோதனைப் படங்களில் 'பிளாக் கிளிப்பிங்' இருக்கிறது. வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பார்கள்; வீடியோவில் 16தான் கறுப்பு, 235 வெள்ளை. 17-ஆம் கோட்டிலிருந்து லேசாகத் துடிப்பது தெரிய வேண்டும், 16-உம் அதற்குக் கீழும் பின்னணியோடு கலந்துவிட வேண்டும்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக இணைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லேப்டாப் 0–255 அனுப்ப, டிவி 16–235 என்று எடுத்துக்கொண்டால் நிழல் விவரமெல்லாம் கறுப்பில் புதைந்துவிடும். நேர்மாறாக இருந்தால் படம் வெளிறும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்துவிட்டுத்தான் மற்ற செட்டிங்கைத் தொட வேண்டும்.

*

நம் ஹாலில் பெரும்பாலும் சோஃபாவுக்குப் பின்சுவரில்தான் ட்யூப்லைட். இருட்டுக் காட்சியில் அது அப்படியே திரையில் கோடாக விழும்; செட்டிங் எதுவும் உதவாது. அதை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுங்கள். திரையின் உச்ச வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போதும். மஞ்சள் ஸ்ட்ரிப் வாங்காதீர்கள், கண் அதற்குப் பழகியதும் படம் நீலம் பூத்துத் தெரியும்.

சப்டைட்டிலை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்றுங்கள். லோக்கல் டிம்மிங் (பேக்லைட்டைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி) உள்ள எல்இடி டிவியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசியும்.

ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் கவனிக்க: இருவர் அசையாமல் உட்கார்ந்து நெடுநேரம் பேசும் காட்சியில் திரை மெல்ல மங்கினால் பழுது என்று நினைக்க வேண்டாம். பேனலைக் காக்கத் தானே இறங்குகிறது. ரிமோட்டில் மெனுவைத் திறந்து மூடினால் பழையபடி வரும்.

*

ஒலியையும் கவனிக்க வேண்டும். இந்த வகைப் படத்தில் முக்கியமான பெயர்கள் முணுமுணுப்பாகவே வரும். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கானது) வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். டிவி ஸ்பீக்கர் மட்டும் என்றால் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஸ்டீரியோ ட்ராக் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரில் அதை மட்டும் 2–3 டெசிபல் ஏற்றினால் போதும். 'நைட் மோடு' முணுமுணுப்பைத் தூக்கி வெடிச்சத்தத்தை அடக்கும்; அக்கம்பக்கம் தூங்கும் நேரத்துக்கு நல்லது. சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடினால் இத்தனையும் வீண். இரண்டில் வையுங்கள்.

இருட்டு வானத்தில் படிப்படியாகக் கோடு விழுவது ஸ்ட்ரீமிங் சுருக்கத்தால் வருவது. டிவியில் அது முழுதாகப் போகாது. ஆப்பில் 'டேட்டா சேவர்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் உறுத்தினால் ப்ளூ-ரே டிஸ்க்தான் வழி.