எல்லாக் குழந்தைகளும் ஒரே விடையை எழுதினால் சிந்தனையை எங்கே தேடுவது?

கேள்வி: ஏழாம் வகுப்பு ஆசிரியை, திருப்பூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோ குழு உருவாக்கிய சிந்தனைப் பழக்கங்களுள் ‘பார்க்கிறேன், நினைக்கிறேன், வியக்கிறேன்’ என்பதை இந்தப் பருவம் முழுவதும் என் வகுப்பில் செய்து வருகிறேன். சென்ற வாரம் நொய்யலில் நுரை பொங்கி ஓடும் படமொன்றைக் காட்டி, இம்மூன்றுக்கும் ஆளுக்கொரு மூன்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். ‘மாசுபட்ட ஆறு’, ‘ஆறுகளைக் காப்பது நம் கடமை’, ‘இயற்கையை வியக்கிறேன்’ என்றே 38 பேரில் ஏறத்தாழ அனைவரும் எழுதியிருந்தார்கள். சாயப்பட்டறைக்கோ பனியன் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பலருடைய வீட்டில் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் அறிந்த எதுவும் தாளில் வரவில்லையே என்பதுதான் என் வருத்தம். நான் எங்கே தவறுகிறேன்?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈரோடு

அம்மா, தவறு மூன்றாவது கட்டத்தின் பெயரிலேயே தொடங்குகிறது. வியத்தல் என்றால் நம் குழந்தைகளுக்கு ஆச்சரியப்படுவது, பாராட்டுவது. அங்கே கேட்கப்படுவதோ, இதைப் பார்த்ததும் உள்ளே எழும் கேள்வி. ‘கேட்கத் தோன்றுகிறது’ என்று மாற்றிப் பாருங்கள்.

முதல் கட்டத்திலும் கண்டிப்பு வேண்டும். ‘மாசுபட்ட’ என்பது கண்ணுக்குத் தெரிவதன்று, அது முடிவு. நுரை தெரியும், பாலத்தூணில் படிந்த கறை தெரியும். சென்னிமலைக்கு அருகில் நொய்யற்கரையில் உள்ள கொடுமணலில் அகழாய்வில் கிடைத்த பானை ஓடொன்றின் படத்தை ஒருமுறை வகுப்பில் காட்டினேன். ‘பழைய எழுத்துங்க ஐயா’ என்று ஒரு மாணவன் உடனே சொன்னான். எதைப் பார்த்து எழுத்து என்கிறாய் என்று கேட்டதும் படத்தருகே வந்து நின்றான். ‘கோடு நேரா இறங்குதுங்க, அப்புறம் குறுக்கே வெட்டுது, பக்கத்துலயும் அதே அளவுல இன்னொண்ணு இருக்குதுங்க’ என்றான். தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்தைப் பற்றி நான் சொல்ல நினைத்திருந்த பாதியை அவனே சொல்லிவிட்டான்.

பதில் 2: கணித ஆசிரியை, பொள்ளாச்சி

ஐயா கேட்ட அந்தக் கேள்வியைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம். தவறான விடைக்கு மட்டுமே ‘எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டுப் பழக்கிவிட்டால், அதைக் கேட்டதும் குழந்தை விடையை மாற்றிவிடும். 3/5, 2/3 இவற்றில் எது பெரியது என்றேன். 2/3 என்று ஒரு மாணவி சரியாகச் சொன்னாள். காரணம் கேட்டபோது, ‘3/5-ல மேலயும் கீழயும் ரெண்டு வித்தியாசம், 2/3-ல ஒண்ணுதானுங்க மிஸ்’ என்றாள். அந்த வழியில் போனால் 7/9-ஐ விட 1/2 பெரிதாகிவிடும். நான் ‘சரி’ போட்டு நகர்ந்திருந்தால் இந்தப் பிழை அவளுடனேயே அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும்.

கேட்ட பிறகு காத்திருப்பதும் முக்கியம். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்றும், மூன்று நொடி பொறுத்தாலே விடைகள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியிருக்கிறார். மூன்று நொடி வகுப்பில் மிக நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: தலைமை ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

தாளையே முதலில் கொடுக்காதீர்கள். தாளைக் கண்டதும் குழந்தைகள் தேர்வு விடை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இருவர் இருவராகப் பேசட்டும், பிறகு எழுதட்டும். எழுதியதில் சிவப்பு மையால் ஒற்றுப்பிழை திருத்தவும் வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் செய்தால் பருவப் பாடம் முடியாது என்பதால் வாரம் ஒரு பாடவேளை போதும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அதே படத்தை நேற்று தாளில்லாமல் மீண்டும் காட்டி, மூன்றாவதைக் ‘கேட்கத் தோன்றுகிறது’ என்று சொன்னேன். நெடுநேரம் அமைதியாக இருந்தது, நானும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து, இதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி எழுந்தாள். ‘எங்கப்பா சாயப்பட்டறையிலதானுங்க டீச்சர் இருக்காரு. வீட்டுக்கு வந்தா கையெல்லாம் நீலமா இருக்கும். அப்புறம் ஏனுங்க நுரை மட்டும் வெள்ளையா இருக்குது?’ என்றாள். சாக்கடையில் கலக்கும் சோப்புத் தண்ணீராலும் இருக்கலாம் என்று ஒருவன் மறுத்தான். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவனிடம் கேட்டது நானல்ல, அவள்தான். நீலம் கரைத்த தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் இரண்டு பாட்டில்களில் குலுக்கிப் பார்ப்பதென்று முடிவாகி, பாட்டில் கொண்டுவரும் பொறுப்பை அவர்கள் இருவரும் ஏற்றிருக்கிறார்கள்.